நில் என்னும் சொல்லும் நிலையற்ற மக்களும்

சொல்லாராய்ச்சி என்பது பொழுதுபோக்கு அன்று. ஒரு சொல்லின் பிறப்பை ஆராய்வது, அச்சொல்லை வழங்கிய மக்களின் வரலாற்றை ஆராய்வதற்கு ஒப்பாகும். ஒருவருடைய பிறப்புப் பத்திரத்தைத் திருத்தி எழுதினால் அதனைக் குற்றம் என்று சட்டம் கூறுகிறது. ஒரு சொல்லின் பிறப்பைத் திருத்திக் கூறினாலோ மேடையிலே கைதட்டல் கிடைக்கிறது. இந்த முரண்பாட்டை மலேசியத் தமிழுலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இலக்கிய விழாக்களிலும், பள்ளி மலர்களிலும், மொழிப்பற்றாளர் கூடும் அரங்குகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கூற்று ஒன்று உண்டு. உலக மொழிகள் யாவும் தமிழிலிருந்தே பிறந்தன என்பதே அக்கூற்று. அதற்குச் சான்றாக ஆங்கிலத்து ‘ஒன்’ என்பது தமிழ் ‘ஒன்று’ என்றும், ‘எய்ட்’ என்பது ‘எட்டு’ என்றும் காட்டப்படும். கேட்போர் மகிழ்வர். மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். மறுநாள் அதே மாணவர் வேறு பள்ளிக்கூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ அதனை எடுத்துரைக்கும்போது நகைப்புக்கு ஆளாவர். அந்த நகைப்பு, சொன்னவரைச் சேராமல் தமிழையே சேர்கிறது. இஃது எவ்வளவு பெரிய இழப்பு!

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை இவ்வாராய்ச்சிக்கு உரிய களமாகக் கொள்ளலாம். ஏனெனில் அங்கு வாழ்ந்த தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும், ஒரு பழைய வேரிலிருந்து கிளைத்த நான்கு சொற்களை நாள்தோறும் கேட்டே வளர்ந்தது. எஸ்டேட், தாவரம், அவஸ்தை, இஸ்தானா என்பனவே அந்நான்கு சொற்கள். ஒன்று ஆங்கிலம், இரண்டு தமிழர் நாவில் வழங்குவன, ஒன்று மலாய். இந்நான்கும் உடன்பிறந்தவை என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் உண்மை அதுவே.

வேரும் கிளைகளும்

இந்தோ ஐரோப்பிய மொழிகள் என்று அறிஞர் வகுக்கும் பெருங்குடும்பத்தின் மூலமொழி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டதாகக் கருதப்படும் அம்மொழியைக் கேட்டவர் எவரும் இலர். அதன் கிளைமொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒலிகள் எம்முறையில் மாறின என்று கண்டு, அம்மாற்றங்களைப் பின்னோக்கிச் சென்று மூலச் சொற்களை மீட்டெடுத்தனர். இவ்வாறு மீட்கப்பட்ட சொல்லின் முன்னே ஓர் உடுக்குறி இடுவது மரபு. ‘இஃது ஏட்டிலே கண்டதன்று, கருதி உணர்ந்தது’ என்பதே அக்குறியின் பொருள். அறிவுலகின் நேர்மைக்கு அந்தச் சிறு குறி ஓர் எடுத்துக்காட்டு. எதனைக் கண்டோம், எதனைக் கருதினோம் என்று பிரித்துக் காட்டும் துணிவு அதில் உண்டு.

அவ்வாறு மீட்கப்பட்ட வேர்களுள் ஒன்று ‘*ஸ்தா’ என்பது. ‘நில்’ என்பது அதன் பொருள். வடமொழியில் ‘ஸ்தா’ என்றும், இலத்தீனத்தில் ‘ஸ்தாரே’ என்றும், ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்ட்’ என்றும் அது வழங்குகிறது. பாரசீகத்தில் நாட்டுப் பெயர்களின் ஈற்றில் வரும் ‘ஸ்தான்’ என்பதும், செருமானியத்தில் நகரைக் குறிக்கும் ‘ஸ்டாட்’ என்பதும் இதன் வழிவந்தனவே. இலத்தீனத்து ‘ஸ்தாதுஸ்’ என்னும் சொல் நிற்கும் நிலையைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஸ்தாத்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘எஸ்டேட்’ ஆயிற்று. முதலில் அச்சொல்லுக்கு நிலத்தோடு தொடர்பே இல்லை. ஒரு மனிதனின் நிலை, அவனுக்குச் சமுதாயத்தில் உள்ள தகுதி என்பதே அதன் பொருள். பின்னர், அத்தகுதிக்கு அடிப்படையாகிய உடைமையை அது குறித்தது. அதற்கும் பின்னர், அவ்வுடைமையுள் தலையாய நிலபுலத்தைக் குறித்தது. கடல்கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தபோது, கூலிக்கு ஆள் வைத்து ஒரே பயிரைப் பெருக்கும் தோட்டத்தைக் குறித்தது. மனிதனின் நிலையில் தொடங்கிய சொல், மனிதன் இல்லாத நிலத்தில் வந்து முடிந்தது.

வடமொழிக் கிளையைக் காண்போம் எனின், அங்கும் வியப்புக்குரிய செய்திகள் உள. ‘ஸ்தாவரம்’ என்றால் இடம் பெயராமல் நிற்பது. அதுவே தமிழில் ‘தாவரம்’ ஆகி, செடிகொடிகளைக் குறிக்கும் சொல்லாயிற்று. தமிழகத்துப் பத்திரங்களில் ‘ஸ்தாவர ஜங்கமச் சொத்துகள்’ என்று எழுதும் வழக்கிலும், அசையாச் சொத்து என்னும் பொருளில் அச்சொல் நிலைபெற்றுள்ளது. ‘அவஸ்தா’ என்பது வடமொழியில் வெறும் நிலைமையையே குறித்தது. தமிழில் அது ‘அவஸ்தை’ ஆகி, துன்பத்தையே குறிப்பதாயிற்று. ‘ஆஸ்தானம்’ என்பது அரசன் வீற்றிருக்கும் அவை. அதுவே மலாய் மொழியில் ‘இஸ்தானா’ என்னும் அரண்மனை ஆயிற்று. இடத்தைக் குறிக்கும் தானம், நிறுவுதலைக் குறிக்கும் தாபனம், பிரதிட்டை, நிட்டை, திரம் ஆகிய அனைத்தும் இவ்வேரின் தளிர்களே. கொடையைக் குறிக்கும் ‘தானம்’ வேறொரு வேரிலிருந்து வந்தது. தமிழ் ஒலிப்பில் இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. தோற்றம் ஒன்றாயின் பிறப்பும் ஒன்று எனக் கருதுவோர்க்கு இவ்வொரு சொல்லே போதிய பாடமாகும்.

தமிழின் தனி வேர்

இங்கே மொழிப்பற்றாளர் ஒரு வினா எழுப்பக்கூடும். ‘அங்ஙனமாயின் தமிழுக்கு என்று சொந்தமாக எதுவும் இல்லையா?’ என்பது அவ்வினா. இவ்வினாவுக்குரிய விடை தமிழுக்குப் பெரும் பெருமை தருவதாகும்.

தமிழில் ‘நில்’ என்னும் வேர் உண்டு. அது எவரிடத்தும் கடன் பெறாத வேர். நிலை, நிலைமை, நிலையம், நிறுத்து, நிறுவு, நிறுவனம், நிலுவை என அது கிளைத்து நிற்கிறது. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘நில்’ என்னும் வடிவம் அதே பொருளில் வழங்குகிறது. வட இந்தியாவின் சோட்டா நாகபுரிப் பகுதியில் வாழும் பழங்குடி மக்களின் குருக் மொழியில் முதலெழுத்துக் கெட்டு ‘இல்’ என வழங்குகிறது. தாமஸ் பர்ரோவும் மரே எமனோவும் 1961-இல் வெளியிட்டு, 1984-இல் விரித்துப் பதிப்பித்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியில் இத்தகைய உறவுச் சொற்களைத் தொகுத்து அளித்துள்ளனர்.

இவ்விரு வேர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் அழகிய ஒப்புமை புலப்படும். இலத்தீன் வழியில் நிற்றலிலிருந்து ‘ஸ்டேட்டஸ்’. தமிழில் நில் என்பதிலிருந்து ‘நிலை’. அங்கே ‘ஸ்டேஷன்’, இங்கே ‘நிலையம்’. அங்கே ‘இன்ஸ்டிட்யூட்’, இங்கே ‘நிறுவனம்’. பொருள் வளர்ந்த வழி ஒன்றாக உள்ளது. வேர்களோ வேறு வேறு. இதனால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று முடிவு கட்டலாமா? கூடாது. தமிழ்ச் சொற்களுள் சில, ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் பிற்காலத்தார் ஆக்கிக்கொண்டவை என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும் நிற்பதையே நிலைபெறுவதாகவும், நிலைபெறுவதையே தகுதியாகவும் காணும் எண்ணம் இரு மக்களுக்கும் தனித்தனியே தோன்றியது. மனித உள்ளம் எங்கும் ஒரு தன்மையது என்பதற்கே இது சான்று. ஒருவர் மற்றவருக்குத் தாய் என்பதற்குச் சான்றாகாது.

அளவுகோலை முறிப்போர்

இனி ‘ஒன்’, ‘எட்டு’ ஆகியவற்றுக்கு வருவோம். ஆங்கிலத்து ‘ஒன்’ என்னும் ஒலிப்பு அம்மொழியில் பிற்காலத்தே தோன்றியது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஆன்’ என இருந்தது. இலத்தீனத்தில் ‘ஊனுஸ்’. பின்னோக்கிச் செல்லச் செல்ல அது தமிழ் ‘ஒன்று’ என்பதிலிருந்து விலகிச் செல்கிறதேயன்றி நெருங்கி வரவில்லை. தமிழிலோ ‘ஒன்று’ என்பதற்கு ‘ஒரு’, ‘ஓர்’ என்னும் வடிவங்கள் உடனிருக்கின்றன.

எட்டின் கதை இதனினும் தெளிவானது. ஆங்கிலத்து ‘எய்ட்’ பழைய காலத்தில் ‘எயாஹ்த’ என ஒலித்தது. இலத்தீனத்தில் ‘ஒக்தோ’, வடமொழியில் ‘அஷ்ட’. தமிழிலோ எட்டின் வேர் ‘எண்’ என்பது. எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்னும் சொற்களைத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். ‘எண்’ எங்கே, ‘ஒக்தோ’ எங்கே! மேடையில் முழங்கியவர் தம் மொழியிலேயே உள்ள ‘எண்பது’ என்னும் சொல்லை ஒரு கணம் எண்ணியிருந்தால் இத்தவறு நேர்ந்திராது. தமிழை உயர்த்துவதாகக் கூறுவோர் தமிழை உற்று நோக்கவில்லை என்பதே இதில் உள்ள பெருங்குறை.

தேயிலைக் காட்டின் நடுவிலேயே இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. தேய்த்துப் பக்குவம் செய்யும் இலை ஆதலால் ‘தேயிலை’ என்று விளக்கம் சொல்வோர் உளர். கேட்பதற்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆலையில் இலையை உருட்டித் தேய்ப்பதும் உண்மைதான். ஆயினும் அச்சொல்லின் முற்பகுதி சீனத்து ஹொக்கியன் மொழியின் ‘தே’ என்பதாகும். தே, இலை என்னும் இரண்டும் சேரும்போது இடையில் யகர உடம்படுமெய் தோன்றிற்று. தென்சீனத் துறைமுகங்களிலிருந்து கப்பல் வழியே சென்ற இடங்களில் அது ‘தே’, ‘டீ’, ‘தெஹ்’ என வழங்கிற்று. தரைவழியே சென்ற இடங்களில் பெரும்பாலும் ‘சா’, ‘சாய்’ என வழங்கிற்று. ஒரு சொல்லின் வரலாற்றிலே உலக வாணிகத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது. அதனை விடுத்து, ‘தேய்’ என்று சொல்லி முடித்துவிட்டால் மாணவன் இழப்பது எவ்வளவு!

முறைப்படி ஆராயும் அறிஞர் ஒலியொற்றுமையை நம்புவதில்லை; ஒலிமாற்றத்தின் ஒழுங்கையே நம்புகின்றனர். தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’, ‘பல்’ ‘ஹல்லு’, ‘பத்து’ ‘ஹத்து’, ‘புலி’ ‘ஹுலி’. இவை ஒன்றுபோல் ஒலிக்கவில்லை. ஆயினும் பகரம் வரும் இடந்தோறும் ஹகரம் வருகிறது என்னும் ஒழுங்கு உள்ளது. அந்த ஒழுங்கே உறவின் சான்று. வடமொழியில் ‘பாத’ என்றும் இலத்தீனத்தில் ‘பெத்’ என்றும் வருவது ஆங்கிலத்தில் ‘ஃபுட்’ என்று வருவதும், ‘பித்ரு’, ‘பாத்தர்’ என்பன ‘ஃபாதர்’ என வருவதும் அத்தகைய ஒழுங்கே.

இம்முறை வெறுங் கற்பனை அன்று என்பதற்கு மறுக்க முடியாத சான்று ஒன்று உண்டு. சொசூர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர், இருபத்தொரு வயதிலே, 1879-ஆம் ஆண்டிட்ட தம் நூலில், இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் இருந்து பின்னர் எல்லாக் கிளைகளிலும் மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கூறினார். அன்று அவற்றுக்கு ஏட்டுச் சான்று எதுவுமில்லை. பின்னர் இன்றைய துருக்கி நாட்டில் புதைந்து கிடந்த இத்தைத்து மொழிக் களிமண் பலகைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அம்மொழி அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915-இல் ஹ்ரோஸ்னி என்னும் அறிஞர் நிறுவினார். சொசூர் குறித்துக் காட்டிய இடங்களில் அம்மொழியில் ஹகரம் போன்ற ஓர் ஒலி எழுதப்பட்டிருப்பதைப் போலந்து நாட்டு அறிஞர் குரிலோவிச் 1927-இல் எடுத்துக் காட்டினார். ‘ஸ்தா’ என்னும் வேரையும் இன்று ‘ஸ்தெஹ்’ என்பது போன்ற வடிவில் எழுதுவதற்கு இதுவே காரணம். காணாத ஒன்றைக் கணக்கிட்டுக் கூறி, அது மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வந்து மெய்ப்பித்தது எனின், அம்முறையின் வலிமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இம்முறைக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பை மறப்பது நன்றி கொல்வதாகும். ஒரு காலத்தில், இந்திய மொழிகள் அனைத்தும் வடமொழியின் பிள்ளைகள் என்று ஐரோப்பிய அறிஞர் பலர் கருதினர். 1816-இல் சென்னையில் எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர், தெலுங்கும் தமிழும் கன்னடமும் தம்முள் உறவுடைய தனிக் குடும்பம் என்று வேர்ச்சொற்களை ஒப்பிட்டு எடுத்துக் காட்டினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் அதனை விரிவாக நிறுவினார். தமிழ் வடமொழியின் உதவியின்றித் தனித்து நிற்க வல்லது என்னும் முடிவு, இவ்வொப்பியல் முறையின் கொடையே ஆகும். இன்று அதே அளவுகோலை முறித்து அடுப்பில் இடுவோர், தமிழ் தனித்து நிற்பதற்கு உரிய சான்றையும் சேர்த்தே எரிக்கின்றனர். ஒலி ஒத்தாலே போதும் என்றால், தமிழ்ச் சொற்கள் யாவும் வடமொழியிலிருந்து வந்தவை என்று வேறொருவர் முழங்கும்போது மறுப்பதற்கு எந்த ஆயுதம் எஞ்சியிருக்கும்?

இக்கருத்தைக் கூறும்போது தேவநேயப் பாவாணரின் பெயர் எழுவது இயல்பு. 1902-இல் பிறந்து 1981-இல் மறைந்த அப்பெருந்தகை, வறுமையிலும் தளராது தமிழ்ச் சொற்களைத் திரட்டியவர். ஒரு வேரிலிருந்து தமிழுக்குள்ளேயே எத்தனை சொற்கள் கிளைத்தன என்று காட்டியவர். வேர்ச்சொல் அகரமுதலித் திட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர். அவர்தம் உழைப்பைப் போற்றாத தமிழர் இலர். ஆனால் தமிழே இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்கும் மூலம் என்ற அவர் கோட்பாட்டை ஒப்பியல் மொழியறிஞர் ஏற்கவில்லை. ஓர் அறிஞரை மதிப்பது என்பது அவர் சொன்ன அனைத்தையும் மனப்பாடம் செய்வதன்று. அவர் உழைத்ததுபோல் உழைப்பதேயாகும். அவ்வுழைப்பை விடுத்து முடிவுகளை மட்டும் மேடைக்கு எடுத்துச் செல்வோரே இன்று மிகுந்துள்ளனர்.

1966-ஆம் ஆண்டு முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது கோலாலம்பூரிலேதான். தனிநாயக அடிகளார் அம்மாநாட்டைக் கூட்டியதன் நோக்கம், தமிழாராய்ச்சியை உலக அறிஞர் ஏற்கும் அளவுகோலுக்கு உயர்த்துவதாகும். அம்மாநாட்டை ஏற்று நடத்திய மண்ணிலேயே அளவுகோலின்றிப் பேசுவது பொருந்துமா?

பெருமையின் பின்னே உள்ள புண்

இத்தகைய பொய்ப்பெருமை ஏன் தோன்றியது என்பதையும் நடுநிலையோடு ஆராய வேண்டும். 1885-இல் வில்லியம் கேமரன் அம்மலைப்பகுதியை அளந்து சென்றார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் மேலும் பல தோட்டங்கள் எழுந்தன. காட்டை அழித்தவரும், சரிவிலே கன்று நட்டவரும், குளிரிலே கொழுந்து கிள்ளியவரும் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழரே. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கூடையைத் தலையிலே மாட்டி, வழுக்கும் மேட்டில் ஏறியவர் அவர். அவருக்குத் துரைமார் இட்ட பெயர் ‘கூலி’. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். அஃது ஊதியத்தின் பெயராக இருந்தவரை இழுக்கு ஒன்றுமில்லை. பெறுபவனுக்கே அது பெயரானபோது மனிதன் மறைந்து சம்பளம் மட்டுமே எஞ்சியது. இவ்வாறு இழிவுபடுத்தப்பட்ட மக்களின் வழித்தோன்றல், ‘உன்னை இழித்தவனின் மொழியே உன் மொழியிலிருந்து பிறந்தது’ என்று கேட்கும்போது உள்ளம் குளிர்வது இயற்கையே. அந்தப் புண்ணை எவரும் எள்ளி நகையாடுதல் கூடாது. ஆனால் புண்ணுக்குச் சந்தனம் பூசினால் மணக்கும், ஆறாது.

உண்மையான சொல்வரலாறே அம்மருந்தைத் தருகிறது. எஸ்டேட் என்பது முதலில் மனிதனின் நிலையைக் குறித்தது என்று மேலே கண்டோம். இனி, அத்தோட்டத்தில் மனிதனுக்கு என்ன நிலை இருந்தது என்று வினவுக. லயத்து வீடு வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. வேலை செய்யும் வரையே கூரை. ஓய்வு பெற்றால், பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டத்தில் வேலை பார்க்காவிடில், பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதே நாடெங்கும் தோட்டங்களில் இருந்த நடைமுறை. 1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது இந்தியத் தொழிலாளர் பலருக்குக் குடியுரிமை எளிதாகக் கிட்டவில்லை. 1957-இல் விடுதலை வந்த பின்னரும், தாள்கள் இல்லாமையாலும் எழுத்தறியாமையாலும் மனுச் செய்யாது விட்டோர் உளர். 1968-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. பல்லாண்டு உழைத்த மண்ணை விட்டுக் கப்பலேறியவர் பலர். சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை எய்தி மறைந்தவரும் பலர்.

இப்பொழுது அந்நான்கு சொற்களையும் மீண்டும் நோக்குக. அவர் நட்ட தேயிலை தாவரம். நிற்பது என்று பொருள். 1930களில் நட்ட செடிகள் இன்றும் அம்மலையில் நின்று கொழுந்து தருகின்றன. அது நின்ற மண் எஸ்டேட். நிலை என்று பொருள். அது மாறாத உடைமையாய்க் கைக்குக் கை சென்றது. அதன் வருவாயில் பங்கு பெற்ற அரசு இஸ்தானாவில் வீற்றிருந்தது. நட்டவனுக்கு வாய்த்ததோ அவஸ்தை. நால்வரும் ஒரு வேரின் மக்களே. ஆனால் பாகப்பிரிவினை எவ்வாறு நடந்தது என்று காண்க! இத்துணை உண்மையைச் சொல்லும் சொல்வரலாற்றை விடுத்து, ‘எல்லாம் தமிழே’ என்று முழங்கி அமைவது, உரிமை கேட்க வேண்டிய வாயில் கற்கண்டு இடுவதை ஒக்கும்.

மலாய் மொழியில் முதலீட்டுக்கு ‘மோடால்’ என்று பெயர். அது தமிழின் ‘முதல்’ என்பதன் திரிபு. கடை ‘கெடாய்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. கட்டில் ‘காத்தில்’ ஆயிற்று. இவை அறிஞர் ஒப்பிய, ஐயத்திற்கு இடமில்லாத கடன்கள். தமிழ் வணிகர் இக்கடல் நாடுகளுக்குக் கூலிகளாக அல்லாமல் முதலாளிகளாக வந்த காலத்தின் நினைவுச் சின்னங்கள். மெய்யான பெருமை இவ்வளவு கைவசம் இருக்கும்போது, பொய்யான பெருமைக்கு ஏங்குவானேன்?

பள்ளியில் செய்யத்தக்கது

மறுபுறத்தில் வேறொரு சாரார் உளர். ‘தோட்டத்துப் பிள்ளைக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி எதற்கு? தேர்வில் தேறினால் போதும்’ என்பர் அவர். இவர் கூற்று முன்னவர் கூற்றினும் தீங்கானது. முன்னவர் பொய்யையேனும் அன்போடு ஊட்டினர். இவர் பட்டினி போடுகின்றனர். தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழியோடு வளரும் மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு, ஒப்பியல் முறைக்கு வேண்டிய கருவிகள் பிறவியிலேயே வாய்த்துள்ளன. மூன்று மொழிக் குடும்பங்கள் அதன் நாவில் நாள்தோறும் உலவுகின்றன. இத்தகைய வாய்ப்பு உலகில் எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு?

ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கூட மூன்று வினாக்களைக் கற்பித்தல் இயலும். இச்சொல்லின் பழைய வடிவம் யாது? இதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் ஒழுங்காக வருகிறதா? இம்மொழியார் அம்மொழியாரோடு எக்காலத்தில், எத்தொழிலால் பழகினர்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் உறவையோ கடனையோ ஒப்புக. கிடைக்காவிடில் ‘தற்செயல் ஒற்றுமை’ என்று ஒதுக்குக. கரும்பலகையில் ஒருபுறம் ‘ஸ்தா’ என்னும் வேரின் கிளைகளையும், மறுபுறம் ‘நில்’ என்னும் வேரின் கிளைகளையும் வரைந்து காட்டினால், ஒரு பாடவேளையில் மாணவன் கற்பது மொழி மட்டுமன்று. சான்று கேட்கும் பழக்கத்தையும் அவன் கற்கிறான். சான்று கேட்கப் பழகியவனை எந்த மேடையும், எந்த அலுவலகமும் எளிதில் ஏமாற்ற இயலாது.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் தமிழர் தொகை குறைந்துவிட்டது. இளைஞர் நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். கொழுந்தெடுக்கும் பணியில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் தொழிலாளர் மிகுந்துள்ளனர். வங்காளியும் நேப்பாளியும் இடத்தைக் குறிக்க ‘ஸ்தான்’ என்னும் சொல்லை வழங்குவர். அதே பழைய வேர் புதிய கூடையோடு மலையேறியிருக்கிறது! அவருக்கும் கிடைத்திருப்பது தற்காலிக வேலை அனுமதியே, ஸ்தானம் அன்று. மொழி மாறிற்று, முகம் மாறிற்று, முறை மாறவில்லை. இதனைக் காணும் கண், தன் இனத்துக்கு நேர்ந்ததைச் சரியாகப் பெயரிட்டு அறிந்தவனுக்கே வாய்க்கும்.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். வெள்ளையர் துண்டாடி விற்ற தோட்டங்களைத் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே வாங்கலாம் என்று அவர் காட்டினார். ‘நிலம்’ என்னும் சொல்லைத் தொழிலாளியின் பெயரோடு சேர்த்து எழுதிய முயற்சி அது. ‘எஸ்டேட்’ என்பது தமிழ்ச் சொல் என்று அவர் நிறுவ முற்படவில்லை. எஸ்டேட் தமிழ்த் தொழிலாளிக்கும் உரியதாக வேண்டும் என்றே உழைத்தார். இவ்விரண்டனுள் எது தமிழ்ப்பற்று என்பதைத் தமிழர் தெளிதல் வேண்டும்.

‘நில்’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொற்களுள் ஒன்று ‘நிலுவை’. கொடுக்கப்படாமல் நின்றுபோன பாக்கி என்பது அதன் பொருள். அம்மலைச் சரிவுகளில் உழைத்து மறைந்த தலைமுறைகளுக்கு வரலாறு கொடுக்க வேண்டிய நிலுவை இன்னும் உள்ளது. வீடாகவும், குடியுரிமையாகவும், நல்ல பள்ளிக்கூடமாகவும் அது தீர்க்கப்பட வேண்டும். இரவல் பெருமையால் அதனைத் தீர்க்க இயலாது. தமிழ் எல்லா மொழிக்கும் தாயாக வேண்டியதில்லை. தன் சொந்த வேரில் நின்றாலே போதும். அதைப் பேசுவோரும் தம் சொந்தக் காலில், தமக்கெனச் சொல்லிக்கொள்ளத்தக்க மண்ணில் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்பதற்கு வேண்டியது உண்மை ஒன்றே.